முதல் நாற்பத்தொரு விநாடி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

'அன்புள்ள ரேடியோ' என்று தொடங்கி, அடித்துவிட்டு, இந்தத் தாளை எடுத்தேன். அந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

நீ போனை எடுப்பதில்லை. நான்காவது முறை அடித்தபோது உன் மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறாருக்கா" என்றாள். அப்போது மத்தியானம் மூன்று மணி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவளை மறுபடி சொல்லவைக்க எனக்கும் மனமில்லை. அதனால்தான் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்புகளின் பதிவை நூற்றெண்பது நாள்தான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு இயந்திரமே அழித்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நீதான். ஆனால் உன் அம்மா ஆம்புலன்ஸ் கேட்டு நம் அறையைக் கூப்பிட்ட நாளிலிருந்து நீ எண்ணிப் பார்த்தாயா என்பது எனக்குத் தெரியாது. நான் எண்ணினேன். அது செப்டம்பர் ஒன்பது. மார்ச் எட்டாம் தேதியோடு அந்தப் பதிவு போய்விடும். இன்னும் முப்பது நாள். குடும்பத்தார் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் கேட்கலாம். படிவம் கண்காணிப்பாளர் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கும்.

மொத்தம் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. அதில் முதல் நாற்பத்தொரு விநாடி என்னுடையது. நீதான் வழக்கம்போல உன் அம்மா குரலில் பேசுகிறாய் என்று நினைத்து, உன் அம்மாவிடமே நான் கேலி பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மீதி இரண்டு நிமிடம் முப்பத்தொரு விநாடி உன் அம்மா. என் பங்கு இருக்கிறது என்பதற்காக அவர் பங்கை நீ இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டுவிட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இங்கே கிடங்கில் நலமாக இருக்கிறேன். ஆக்ஸிஜன் உருளைகளையும் ஸ்ட்ரெச்சர்களையும் போர்வைகளையும் எண்ணி எழுதுவதுதான் வேலை. ஒன்றுகூடப் பேசுவதில்லை.

அக்கா


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. இழுப்பறை இடதா வலதா என்பது வரை நினைவில் வைத்திருக்கிறீர்கள். பத்தொன்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா.

விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். வெளி அழைப்புக்குச் சிவப்பு, உள் அழைப்புக்குப் பச்சை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

அந்த நாற்பத்தொரு விநாடியால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இதயம் பலவீனமாகிப் பல மாதம் ஆகியிருக்கிறதாம், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் கஷ்டம்தானாம். எல்லோரும் இதைச் சொல்லி என் தோளைத் தட்டுகிறார்கள். மாறியிருக்கும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் உங்கள் மேல் ஒழுங்காகக் கோபப்பட்டிருப்பேன். இப்போது அதுவும் அரைகுறையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்க முடியவில்லை. நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் பின்னால் வந்து நின்று ஹெட்போனைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. "குடுக்கா, நான் பேசறேன்" என்றேன். நீங்கள் திரும்பாமலே கையால் என்னைத் தள்ளினீர்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி வந்து போய்விட்டது. வார்டில் இரண்டு நாள் இருந்தாள், கண் திறக்கவில்லை. அந்த ஹெட்போனை நீங்கள் கொடுத்திருந்தால் என் அம்மா கடைசியாகக் கேட்டது என் குரலாக இருந்திருக்கும். உங்கள் குரலாக இருந்திருக்காது.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்டு மகிழுங்கள். நம் கண்காணிப்பாளர் சைலன்ஸர் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்: 'பணி நேரத்தில் வேடிக்கைப் பேச்சு அறவே தவிர்க்கப்பட வேண்டும்.' முன்பென்றால் பத்து நிமிடத்தில் அதன் கீழே யாராவது, 'கண்காணிப்பாளர் நடையைப் பார்த்துச் சிரிப்பது இதில் அடங்காது' என்று எழுதியிருப்பார்கள். ஐந்து மாதமாக அந்தத் தாள் அப்படியே சுத்தமாக இருக்கிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் நாம் எழுதி வைத்த வேடிக்கையான அழைப்புகளின் பட்டியலையும் சுரண்டிவிட்டார்கள். 'மச்சான் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு வண்டி அனுப்பி எடுத்துட்டுப் போங்க' என்ற அந்த அழைப்பு உட்பட. நான் உள்ளே நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். என்னை மதிக்கிறார்களாம்.

உங்கள் நாற்காலியில் ஒரு புதுப் பெண். ஒவ்வொரு கெட்ட அழைப்புக்குப் பிறகும் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைக்கிறாள்.

விண்ணப்பம் கொடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பணியாளர்


பிப்ரவரி 17

தம்பி,

உன் 'அம்மையீர்' கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வலித்தது. இரண்டாவது முறை 'கண்காணிப்பாளர் நடை' என்ற இடத்தில் கிடங்கில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ விளக்கைப் பற்றிக் கேட்டாய். விசாரணையில் நான் சொன்னது, 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. உனக்கு முழுசையும் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய அழைப்பு உனக்கு நினைவிருக்கும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த மூன்று வயதுக் குழந்தை. தகப்பனிடம் இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். நெஞ்சை அழுத்தச் சொல்லி ஒன்று, இரண்டு என்று நான் எண்ண எண்ண, அவரும் கூடவே எண்ணினார். வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. வண்டிக்காரர்கள்தான் போனை வாங்கி வைத்தார்கள். அதை நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 'வயது' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அப்போது நீ வெளியே போயிருந்தாய்.

விளக்கு எரிந்தது. ஒரு அம்மா குரல். மூச்சு விட்டுவிட்டுப் பேசுகிற, கொஞ்சம் தயங்குகிற குரல். நீ எத்தனை முறை அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டிருப்பாய். 'மேடம், என் பையன் காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலை, ஒரு வண்டி அனுப்பி அவனை வீட்ல கொண்டாந்து விடுங்க.' நான் உடனே கேட்பேன், 'பையன் எடை என்னம்மா? எங்க ஸ்ட்ரெச்சர் தாங்குமா?' அறை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இல்லாமல் அந்த வேலையை என்னால் பத்தொன்பது வருடம் செய்திருக்க முடியாது. வீட்டுக்குப் போய் என் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

காதால் ஏமாந்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை, தம்பி. என் காது அவ்வளவு மோசமில்லை. அந்தக் குரலில் ஏதோ வித்தியாசம் இருந்தது எனக்குக் கேட்டது. ஆனால் அந்த நேரத்தில் அது நீயாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. தாகத்தில் இருக்கிறவன் தண்ணீரைச் சோதித்தா குடிப்பான்? விளக்கைப் பார்த்தால் சிவப்பாக இருந்துவிடுமோ என்றுதான் பார்க்கவில்லையோ, என்னவோ.

அடுத்தது ஹெட்போன். அழைப்பை நடுவில் கைமாற்றக்கூடாது என்பது விதி. அதைத்தான் பிறகு உன்னிடம் சொன்னேன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு விதி எதுவும் ஞாபகம் இல்லை. உன் கையில் கொடுத்தால், நான் கேலி பேசியதை உன் அம்மா உன்னிடம் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவ்வளவு சின்னப் புத்தி. இன்னொரு காரணமும் உண்டு. அது பதிவில் இருக்கிறது. நான் சொன்னால் சாக்காகிவிடும்.

அந்தப் பெண்ணிடம் குழாயை மூடச் சொல். அழட்டும், ஆனால் யாருக்காவது கேட்கட்டும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

முழுசையும் சொல்கிறேன் என்றாய். ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டாய். 'அப்போது நீ வெளியே போயிருந்தாய்' என்று எழுதியிருக்கிறாய். நான் சும்மா போகவில்லை.

நீ பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் நாற்காலியைத் தட்டிவிட்டு, "அஞ்சு நிமிஷம் இருக்கா. டீ வாங்கிட்டு அப்படியே எங்கம்மாவை லைன்ல தரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஓய்வறையிலிருந்து கூப்பிடுவதாக இருந்தேன். டீ இயந்திரத்தின் முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சரி, முதலில் டீ, பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

நான் சொன்ன அஞ்சு நிமிஷத்துக்குள் அம்மா லைனில் வந்துவிட்டாள். நானே வருவாள் என்று உனக்குச் சொல்லிவைத்த அம்மா.

இதை நீ விசாரணையில் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று இரண்டு நாள் காத்திருந்தாய் என்று நினைக்கிறேன். என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அம்மா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இல்லை என்றேன். உன்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். எனக்கு விடுப்புக் கொடுத்தார்கள். போனை எடுக்காமல் இருந்தது கோபத்தால் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வசதியான சட்டை. உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போன திங்கட்கிழமை சைலன்ஸரிடம் எழுதிக் கொடுத்தேன், நான் சொன்னதைச் சொன்னபடியே. நின்றுகொண்டே படித்தார். "இப்ப என்னப்பா இதுக்கு? கோப்பு முடிஞ்சு போச்சு" என்றார். தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். ஐந்து மாதம் முன்னால் கொடுத்திருந்தால் அது கோப்பில் போயிருக்கும்.

வேறொன்று. அம்மாவுக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். "எதுவா இருந்தாலும் எனக்கு அடிக்காதேம்மா, நான் எடுக்க முடியாது. மூணே மூணு நம்பர், அதுக்கு அடி. அங்க அக்கா இருப்பாங்க, பார்த்துக்குவாங்க" என்று சொல்லியிருந்தேன்.

விண்ணப்பம் கொடுத்தேன். வியாழக்கிழமை பதிவறையில் உட்காரவைத்தார்கள். ஒன்பதாவது விநாடியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். 'ஹலோ' என்கிறாள். அக்கா, அது நான் பேசிக் காட்டுகிற குரல் மாதிரியே இல்லை. ஒன்பது வருடமாகத் தப்பாகப் பேசியிருக்கிறேன், நீங்கள் எல்லோரும் தப்புக்குத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

விசாரணைக்காக எழுத்துப்படி ஒன்று உனக்குக் கொடுத்திருப்பார்கள். எழுதி அனுப்பு. என்ன வருகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் கேட்க முடியுமோ என்னவோ. எட்டாம் தேதி வரை நேரம் இருக்கிறது.

தம்பி


மார்ச் 1

தம்பி,

நீ சொல்லிவிட்டுப் போனதை நான் விசாரணையில் சொல்லாதது பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. சொன்னால் என் தவறு கொஞ்சம் குறையும் என்று தெரிந்தது. குறையக்கூடாது என்று இருந்தது. ஆனால் நீயாக வந்து சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். அது உண்மை. இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம்.

கேட்டதை எழுதுகிறேன். எழுத்துப்படியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், நினைவிலிருந்து இல்லை.

அம்மா: ஹலோ... அம்மா, ஒரு வண்டி அனுப்புறீங்களா?

நான்: ஏம்மா, பையன் இன்னும் சாப்பிடலையா?

அம்மா: யாரு... அவனா? சாப்பிட்டுட்டுத்தாம்மா போனான்.

நான்: எடை என்ன சொல்லுங்க. எங்க ஸ்ட்ரெச்சர் தாங்கணுமில்ல?

அம்மா: எடையா... ஒரு எழுபது இருப்பாம்மா.

நான்: எழுபதா! அப்ப ரெண்டு வண்டி அனுப்பணும்.

அம்மா: வேண்டாம்மா, ஒண்ணு போதும். எனக்குத்தான். படுத்தா மூச்சு வரலை. இப்ப உட்கார்ந்தாலும் வரலை.

இதுதான் நாற்பத்தொன்றாவது விநாடி. நீ இரண்டு டீக் கோப்பையோடு கதவில் நின்றிருந்தாய். நான் முதலில் உன் கையைப் பார்த்தேன், அப்புறம் விளக்கைப் பார்த்தேன். பதிவில் நான்கு விநாடி ஒன்றும் இல்லை.

நான்: அம்மா, மன்னிச்சிடுங்க. உங்க பையன்தான் உங்களை மாதிரி பேசறான்னு நினைச்சுட்டேன். வண்டி அனுப்பறேன், இதோ கிளம்பிடுச்சு.

அம்மா: அவன் அங்கேயும் என்னை மாதிரி பேசிக் காட்டறானா?

நான்: ஆமாம்மா.

அம்மா: (சிரிப்பு, இரண்டு விநாடி.)

நான்: கதவு திறந்திருக்காம்மா? மெதுவா போய்த் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துட்டு வந்து உட்காருங்க. படுக்காதீங்க. தலையணையை முதுகுக்கு வெச்சுக்குங்க.

(இருபத்தாறு விநாடி. நடக்கும் சத்தம். தாழ்ப்பாள்.)

அம்மா: நீங்க அக்காதானே? அவன் வீட்ல உங்களை மாதிரியும் பேசுவான்.

நான்: நல்லா பேசுவானா?

அம்மா: எங்க... நீங்க இன்னும் மெதுவா பேசறீங்க.

இது எனக்குத் தெரியாது, தம்பி. ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது.

அம்மா: அவன்கிட்ட இப்ப சொல்லாதீங்கம்மா. வேலையில இருப்பான், பயந்துடுவான்.

நான்: சொல்லலைம்மா.

நீ என் பின்னால் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தது இந்த வார்த்தை. இதுதான் நான் சொன்ன அந்த இன்னொரு காரணம். பொய் சொன்ன வாயோடு எப்படித் திரும்பி உன்னிடம் கொடுப்பது?

அதற்குப் பிறகு நான்தான் நிறையப் பேசுகிறேன். மெதுவா, உதட்டைக் குவிச்சு மூச்சை விடுங்க என்று. அவர் இரண்டு முறை 'ம்' என்கிறார். கடைசியில்:

அம்மா: போனைப் பிடிக்க முடியலைம்மா. வெச்சிடட்டுமா?

நான்: வெக்காதீங்கம்மா. பக்கத்துல வெச்சுக்குங்க.

அம்மா: சரிம்மா.

ஆனால் வைத்துவிட்டார். பழக்கம். நான் ஐந்து முறை திருப்பி அடித்தேன்.

அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

இன்று காலை பத்தேகாலுக்குக் கேட்டேன். உன் கடிதத்தை மேசையில் விரித்துவைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே கேட்டேன். ஒரு எழுத்து மாறவில்லை. 'ஒரு எழுபது இருப்பாம்மா' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பதிவறை எழுத்தர் திரும்பிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் தாங்குமா என்று யாரோ கேட்டால், யோசித்து, சரியாக எடை சொல்கிறாள் பார். நான் எழுபத்தெட்டு. எட்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு இடம் மட்டும்.

நீ 'சிரிப்பு, இரண்டு விநாடி' என்று எழுதிய இடத்தை நான்கு முறை கேட்டேன். கூடுதலாகக் கேட்க எழுத்தரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அக்கா, அது சிரிப்பு இல்லை. மூச்சு. உள்ளே போகிற காற்று பாதியில் தடுத்து, இரண்டாக உடைந்து வெளியே வருகிறது. அந்தச் சத்தம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் சேர்ந்த முதல் வாரம் நீதான் சொன்னாய்: "வார்த்தையைக் கேக்காதே, வார்த்தைக்கு நடுவுல இருக்கற மூச்சைக் கேளு." எழுத்துப்படியை வாங்கிப் பார்த்தேன். அதில் அந்த இடத்தில் 'தெளிவில்லாத ஒலி' என்றுதான் இருக்கிறது. சிரிப்பு என்று எழுதியது நீ.

தெரிந்தே எழுதினாயா, அல்லது அன்றைக்குப் போலவே இன்னொரு முறையும் உனக்கு வேண்டியதைக் கேட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

கேட்டு முடித்ததும் எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். 'எழுத்துப்படி பதிவோடு ஒத்துப்போகிறதா? திருத்தம் இருந்தால் குறிப்பிடவும்.' கீழே நான்கு வரி இடம். பதிவு இன்றோடு அழிந்துவிடும், இந்தத் தாள் பத்து வருடம் இருக்கும் என்றார். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு நீ உட்கார்ந்திருந்த மாதிரி. பிறகு எழுதினேன்: 'நாற்பத்தொன்பதாவது விநாடி முதல் அறுபதாவது விநாடிக்குள், தெளிவில்லாத ஒலி என்று குறிப்பிட்டுள்ள இடத்தில், சிரிப்பு என்று திருத்தவும்.' கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் 'மகன்' என்று எழுதினேன்.

திரும்பி அறைக்கு வந்தபோது அந்தப் புதுப் பெண் கழிவறையில் இருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, "தண்ணி வரி யாரு கட்டறது?" என்றேன். உன் குரலில். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. அம்மா சொன்னது சரிதான், நீ இன்னும் மெதுவாகப் பேசுவாய். அவளுக்கு உன்னைத் தெரியாது, அதனால் சிரிக்கவில்லை. ஆனால் குழாயை மூடினாள்.

என் போன் நம்பர் மாறவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் குளிப்பதில்லை.